டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? மாதத் தவணையை மட்டும் காட்டுகிற டீலரிடம் கவனம்

டாலஸ் பக்கம் டிராவல் டிரெய்லர் (பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், படுக்கையும் சமையல் மேடையும் உள்ள வண்டி) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு விற்ற டீலர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே எண்தான்: மாதம் 355 டாலர். 35,000 டாலர் கடன், 8.99 சதவீத வட்டி, 15 வருடம். கூட்டிப் பார்த்தால் கட்டி முடிக்கும்போது 63,000 டாலரைத் தாண்டுகிறது. வண்டியின் மதிப்போ முதல் சில வருடங்களிலேயே மளமளவென்று இறங்கிவிடும். இன்றைக்கு விற்றால் கிடைக்கும் பணம் எங்கள் பாக்கிக் கடனை அடைக்கக்கூடப் போதாது.

அந்த 355-க்கு வெளியே என்னென்ன செலவு இருக்கிறது என்று அவர் வாயே திறக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் வீட்டு வாசலில் டிரெய்லர் நிறுத்த ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விடாது. வசந்த காலத்தில் இங்கே ஆலங்கட்டி மழை கொட்டும் என்பதால், திறந்தவெளியில் விடவும் மனம் வராது. கூரை போட்ட ஸ்டோரேஜுக்கு மாதம் 140 டாலர் தனியாகப் போகிறது. இன்சூரன்ஸ் இருக்கிறது, சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டும், குளிர்காலத்துக்கு முன் குழாய்த் தண்ணீரை வடிக்க வேண்டும். டிரெய்லர் டயர்கள் அதிகம் ஓடாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டியவை.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூரை விஷயத்தில் நடந்ததுதான் பெரிய அநியாயம். "முதல் வருடம் நீங்கள் எதையும் தொட வேண்டாம், எல்லாம் வாரண்டி" என்று விற்பனையாளர் என் மனைவியிடமும் என்னிடமும் சொன்னார். அந்த வருடம் முடிவதற்குள் படுக்கைக்கு மேலே மூலையில் ஈரக்கறை. தரையை மிதித்தால் அமுங்கியது. கூரையில் காற்றுப்போக்கி இருக்கும் இடத்தைச் சுற்றி, தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசிய சீலண்ட் பசை வெடித்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலண்டைச் சோதித்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அந்த நிபந்தனை இருப்பது வண்டியின் கையேட்டில். கையேட்டை எங்கள் கண்ணில் காட்டியதோ கையெழுத்தெல்லாம் முடிந்து வண்டியை ஒப்படைத்த பிறகு, சமையல் மேடை இழுப்பறையில். வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். தரைப் பலகை, சுவர், சீலண்ட் எல்லாம் சேர்த்து ரிப்பேருக்கு 6,800 டாலர் கேட்கிறார்கள். அதுவும் வண்டியை அவர்களிடம் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விற்கும்போது நாற்காலி போட்டு காபி கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை.

டிரக் விஷயத்திலும் இதே மாதிரிதான். "உங்கள் டிரக் தாராளமாக இழுக்கும்" என்றார். இழுக்கும் திறனை மட்டும் பார்த்துச் சொன்ன பேச்சு அது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக டிரக்கின் மேல் உட்காரும். சாமான் ஏற்றி 7,000 பவுண்டு என்றால் 700-லிருந்து 1,050 பவுண்டு. அப்புறம் குடும்பத்தில் எல்லாரும் ஏற வேண்டும், பின்னால் பெட்டிகள் வேறு. டிரக் எவ்வளவு தாங்கும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கரில் இருக்கிறது. விளம்பரத் தாளில் போட்டிருப்பது காலி டிரெய்லரின் எடை, தண்ணீரும் சாமானும் ஏற்றாதது.

டீலரிடம் போனால் மாதத் தவணையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். வண்டி விலை, டாக்குமெண்ட் கட்டணம், தயார்செய்யும் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கையேட்டையும் வாரண்டித் தாளையும் முன்கூட்டியே கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். டீலரோடு தொடர்பில்லாத இன்ஸ்பெக்டரை வைத்து, ஈரம் அளக்கும் கருவியோடு கூரை, சுவர், தரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டியாக இருந்தாலும் சரி. அதற்கு ஆகும் சில நூறு டாலரை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.