ஒரு ரிஜிஸ்டர் தபாலும் வேப்பமரத்து சிக்னலும்

டொரொண்டோலேர்ந்து ஏழு வருஷம் கழிச்சு ஊருக்குப் போயிருந்தேன். பேங்க், ரேஷன் கார்டு வேலையெல்லாம் ஒழுங்காத்தான் முடிஞ்சுது, அத விடுங்க. இந்த தபால் கதைய மட்டும் சொல்லியே ஆகணும்.

நிலத்த குத்தகைக்கு எடுத்தவருக்கு ரிஜிஸ்டர் தபால் வித் ஏ.டி. (வாங்கினவர் கையெழுத்துப் போட்ட அட்டை நமக்குத் திரும்பி வருமே, அது) போடுங்கன்னு வக்கீல் சொல்லிட்டார். போஸ்ட் ஆபீஸ் எங்கேன்னு தேடினா அது இப்போ போஸ்ட்மாஸ்டரம்மா வீட்டுத் திண்ணைல இருக்கு, ஒரு மேஜை ஒரு பீரோ. கிளை ஆபீஸ்னா இடத்தையும் அவங்கதான் குடுக்கணுமாம், நாளைக்கு 4, 5 மணி நேரம் வேலை.

"ரிஜிஸ்டர்னு தனியா இப்ப கிடையாதுண்ணே, 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதுலயே பதிவு பண்ணிக்கலாம்"னாங்க. சரிம்மா பண்ணுங்கன்னேன். கவர் ஒட்டல. அந்தக் காலத்து கோந்து பாட்டில் எங்கேன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே உள்ள போய் நாலு சோத்துப் பருக்கை கொண்டாந்து தேச்சாங்க பாருங்க, எங்க ஆத்தா இன்லேண்ட் லெட்டர் ஒட்டற மாதிரியே இருந்துச்சு, எனக்கு ஒரு நிமிஷம் தொண்டை அடைச்சுடுச்சு.

அடுத்த நிமிஷமே கடுப்பு. எல்லாம் இப்ப ஆப்லதான், ஆப்புக்கு சிக்னல் வேணும், சிக்னல் திண்ணைல இல்ல, வேப்பமரத்தடில இருக்கு. அவங்க போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு மரத்த சுத்த, நான் கவரோட பின்னாடி சுத்த, பென்ஷன் வாங்க வந்த ரெண்டு பாட்டிங்க கட்டைவிரலத் தயாரா வெச்சுக்கிட்டு எங்களயே பாத்துட்டிருந்தாங்க. ஒன்றரை மணி நேரம்! பேனால எழுதி முத்திரை குத்தினா அஞ்சு நிமிஷ வேலை இது. கனடால தபால்காரர் எங்க வீட்டு வாசலுக்கே வர்றதில்ல, தெருமுனைப் பெட்டிய சாவி போட்டு நாமளே தொறக்கணும், 2024 நவம்பர்ல ஸ்டிரைக்னு ஒரு மாசம் அதுவும் காலி, அதனால ரொம்பப் பேச எனக்கு யோக்யதை இல்லதான். இருந்தாலும் அங்க சிக்னலுக்காக மரத்தச் சுத்தினதில்ல.

கடைசில சிக்னல் வந்துச்சு, மொபைல் நம்பர் கேட்டுச்சு. பழக்கதோஷத்துல 647-னு ஆரம்பிக்கற என் டொரொண்டோ நம்பரச் சொல்லிட்டேன். பத்து இலக்கம், 6-ல ஆரம்பிக்குது, நம்ம ஊரு நம்பர்னு நெனச்சு ஆப் அழகா வாங்கிக்கிச்சு. வீட்டுக்கு வந்து எஸ்எம்எஸ் வரலியேன்னு பாத்தப்பதான் உறைச்சுது. இந்தியால எவரோ ஒரு புண்ணியவானுக்கு என் குத்தகைத் தபால் எங்க போகுதுன்னு மெசேஜ் போயிட்டிருக்கு.