செஞ்சியா, வேலூரா? போர் வரலாறு படிக்க எந்தக் கோட்டைக்கு முதலில் போகலாம்?

"எட்டு ஆண்டு முற்றுகை" என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஏன் எட்டு ஆண்டு பிடித்தது என்பது செஞ்சி மலையடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் உறைக்கும். வட தமிழ்நாட்டில் இப்படிப் படிக்க அருமையான இடங்கள் செஞ்சியும் வேலூரும். கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். அவற்றை இணைத்துக்கொண்டு ஓடும் மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். ஏறும்போது வாசலுக்குப் பின் வாசல் வரும். பாதை சட்டென்று திரும்பும், மேலே இருப்பவன் பார்வையில் நாம் நடந்துகொண்டே இருப்போம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் ஒரு பெரிய பிளவு, அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே சில பேரே போதும், கீழிருந்து ஒரு படையே வந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். மூச்சு வாங்க அங்கே நின்ற அன்றுதான் அரண் என்ற சொல்லுக்கு எனக்கு முழு அர்த்தம் புரிந்தது. கீழே களஞ்சியங்களும் குளங்களும் இருக்கின்றன. அவற்றை அவசரப்படாமல் பாருங்கள். முற்றுகையைத் தாங்குவது மதில் மட்டுமில்லை, நெல்லும் தண்ணீரும்தான்.

1690இல் சுல்பிகர் கான் தலைமையில் வந்த முகலாயப் படை, உள்ளே இருந்த மராத்திய அரசர் ராஜாராமைப் பிடிக்க 1698 வரை போராடியது. இவ்வளவு நீளமான சுற்றை முழுதாக அடைக்க ஆள் போதவில்லை. வெளியிலிருந்து வந்த மராத்தியக் குதிரைப்படை முகலாயருக்கு வரும் தானியத்தை மறித்தது. நடுவில் ஒருமுறை சுல்பிகர் கான் வந்தவாசிக்கே பின்வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் கோட்டை விழுந்தது, ஆனால் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். இதே கோட்டையை 1750இல் தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. மலை அதே மலைதான், காத்தவர்கள் வேறு. வெளியே தோற்று உள்ளே ஓடி வந்த படை மதில் மேல் உறுதியாக நிற்கவில்லை.

வேலூர் நேர் எதிர். சமவெளியில், ஊர் நடுவில், கருங்கல் மதிலும் அகலமான அகழியுமாக இருக்கும் கோட்டை. சிவாஜி 1677இல் தெற்கே வந்தபோது செஞ்சி பெரிய சண்டை இல்லாமலே அவர் கைக்கு வந்தது. வேலூரை எடுக்க அவர் படைக்குப் பதினான்கு மாதம் ஆனது. மலைக்கோட்டைதான் பலமானது என்று நினைத்துக்கொண்டு போனால் இது இடிக்கும். அகழி ஓரமாக நடந்தால் காரணம் புரியும்: ஏணி வைக்க இடமில்லை, தண்ணீர் நிற்பதால் சுரங்கம் தோண்டுவதும் கஷ்டம். அப்புறம் மதில் மேலே நின்று கிழக்கே பாருங்கள். அங்குள்ள குன்றுகளில் பீரங்கி ஏறினால் கோட்டைக்குத் தலைவலி. அதனால்தான் அந்தக் குன்றுகளுக்காகவும் சண்டை நடந்திருக்கிறது.

ஆனால் வேலூர் கற்றுத்தரும் பெரிய பாடம் 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் கடுக்கனுக்கும் தடை என்று வந்த உத்தரவுகளால் கொதித்த, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தார்கள். திப்புவின் குடும்பத்தைக் கம்பெனி அங்கேதான் வைத்திருந்தது. மைசூர்க் கொடி ஏறியது. எதிரி வெளியே என்று எண்ணிக் கட்டிய கோட்டையில், உள்ளே இருந்தவர்களின் மனக்குமுறலை அதிகாரிகள் கவனிக்கவே இல்லை. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். வாசலுக்கு மேலே மதிலில் கொஞ்சம் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு பிடித்து அவர்களிடம் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி வாசலை உடைத்தது. அன்று பகலுக்குள் எல்லாம் முடிந்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். எழுந்த சிப்பாய்கள் வாசலையும் அதன் மேல் மதிலையும் கையில் வைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். இதை வாசலிலேயே நின்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உடனே புரியும்.

வசதி என்று பார்த்தால் வேலூர் சுலபம். தரை சமம், பெரியவர்களும் வரலாம், அரை நாள் போதும். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயிலின் கல் வேலைப்பாடு தனி அழகு. செஞ்சிக்கு முழு நாள் வேண்டும். காலை வெயிலுக்கு முன் ராஜகிரி ஏறத் தொடங்கிவிடுங்கள், தண்ணீர் நிறைய வேண்டும், குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான்.

சரி, என் தேர்வு? பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் வேலூருக்குப் போங்கள். ஒரே நாளின் நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். முற்றுகை எப்படி நடக்கும், படை எதனால் சோரும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குச் செஞ்சிதான், வேறு பேச்சே இல்லை. ராஜகிரி உச்சியில் அரை மணி உட்கார்ந்து, சுற்றியுள்ள சமவெளியில் முகாம் போட எங்கே இடம், தானிய வண்டி எந்த வழியாக வரும் என்று நீங்களே தேடிப் பாருங்கள்.