வீடியோ காலா, வீடு தேடி வருபவரா?

பிள்ளைகள் வெளிநாட்டில், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டில் ஆச்சி மட்டும். இப்படிப்பட்டவர்களுக்கு மத்திய அரசின் வீடியோ மருத்துவ சேவையான இ-சஞ்சீவனி ஒரு வழி. 2020-இல் பொதுமக்களுக்குத் திறந்தது, கட்டணம் கிடையாது. போனிலேயே டாக்டரைப் பார்த்து மருந்துச் சீட்டு வாங்கலாம். ஆனால் ஓடிபி போட்டு உள்ளே நுழைய பக்கத்தில் ஆள் வேண்டும்.

இன்னொன்று, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து பிரஷர் பார்க்கும்போதே கால் வீக்கமும், பிரிக்காமல் கிடக்கும் போன மாத மாத்திரை அட்டையும் ஊழியர் கண்ணில் பட்டுவிடும். கேமராவுக்கு அது எங்கே தெரியப்போகிறது? நாள்பட்ட நோய்க்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சளி, அரிப்புக்கு வீடியோ போதும். நெஞ்சுவலியா? இரண்டையும் விட்டுவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.