கடலூரில் கியர் சைக்கிள் கிராங்க் வேலைக்கு நம்பி விடக்கூடிய கடை

எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வைத்திருக்கும் கடலூர் நண்பர்கள், பெடலைத் தாங்கும் கையான கிராங்க் இறுகிப்போனால் யாரிடம் விடுவது என்று கேட்டால், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இருக்கும் சின்ன சைக்கிள் கடையைத்தான் நான் சொல்வேன். பஞ்சர் கடை மாதிரிதான் தெரியும், ஆனால் உள்ளே பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுற்றும் ஆக்சிலும் பேரிங்கும் சேர்ந்த செட்) வேலைக்கு வேண்டிய சரியான கருவிகள் இருக்கின்றன, அவற்றை எப்போது எடுக்க வேண்டும் என்பதும் அந்த அண்ணனுக்குத் தெரிகிறது.

என் சைக்கிள் பெரும்பாலும் கேப்பர் மலைச் செம்மண்ணிலும் தேவனாம்பட்டினம் கடற்கரை ஓரமும் ஓடுவது. பெடல் கனமாகிக்கொண்டே வந்தது, ஏற்றத்தில் மிதித்தால் காலுக்குக் கீழே கரகரவென்று அரைபடும். முதலில் வேறொரு கடையில் காட்டினேன். செயினுக்கு எண்ணெய் விட்டார்கள், அப்புறம் "ஓவராயில் பண்ணணும்" என்று சொல்லிக் கிராங்க்குக்குப் பின்னால் கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார்கள். நிறுத்தச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிராங்க்கை ஆக்சிலோடு பிடிக்கும் காட்டர் பின் போட்ட பழைய சைக்கிளில் பின்னைத் தட்டித்தான் எடுக்க வேண்டும், அது சரி. சதுர முனை ஆக்சிலில் ஏறி இறுகிய அலுமினியக் கிராங்க்கைத் தட்டினால் அந்த அடி முழுவதும் பேரிங் குண்டுகள் ஓடும் தடத்துக்குத்தான் போகும், கிராங்க்கும் கெட்டுப்போகும்.

இந்தக் கடையில் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்திருந்தது. செயினை முன்பல்லிலிருந்து கழற்றிக் கீழே விட்டுவிட்டுக் கிராங்க்கை மட்டும் சுற்றினார். செயின் இல்லாமலும் கனமாகச் சுற்றினால் கோளாறு பி.பி.யில், லேசாகச் சுற்றினால் செயினிலோ பின்பக்கம் கியர் மாற்றும் டீரெய்லரிலோ தேட வேண்டும். அடுத்து இரண்டு கிராங்க்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். இரண்டும் சேர்ந்து ஆடினால் பேரிங் தேய்மானம், ஒன்று மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துப் போல்ட் தளர்ந்திருக்கும், இல்லை கிராங்க் ஓட்டை அகன்றிருக்கும். என்னுடையதில் இரண்டும் ஆடின. "தம்பி, செயின்ல ஒண்ணும் இல்ல, பி.பி. செட்டே போயிடுச்சு" என்றார்.

கழற்றுவதற்குக் கிராங்க் புல்லர். போல்ட்டை எடுத்ததும் உள்ளே வாஷர் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், பிறகு புல்லரைக் கிராங்க் மரையில் கடைசிவரை கையாலேயே ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டார். இதில் அவசரப்படுகிற கடைகள்தான் அதிகம். புல்லர் பாதி மரையில் நிற்கும்போது இழுத்தால் அலுமினிய மரை அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிடும், அப்புறம் நல்ல கிராங்க்கும் குப்பைதான்.

பி.பி.யை ஃபிரேமில் பிடித்து வைக்கும் வலப்பக்கக் கப் துருவில் பிடித்திருந்தது. அது தலைகீழ் மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வலு போட்டுப் பார்க்காமல் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற வைத்தார். மறுநாள் கழற்றியதைக் காட்டினார்: கால் அங்குலக் குண்டுகளில் சொத்தை விழுந்திருந்தது, கப்பின் உள்பக்கம் முழுக்கத் தேய்ந்த தடம், கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் சேறு. சீட் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கடைசியில் தங்குவது இங்கேதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளத்தில் நின்ற சைக்கிளை இன்னும் பிரித்துப் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து பிரிக்கச் சொல்லுங்கள்.

புதிதாகக் குண்டு மாற்றுவதை விட பேரிங்கும் ஆக்சிலும் ஒரே துண்டாக வரும் சீல் செய்த கார்ட்ரிட்ஜ் போடுவோம் என்று அவரே சொன்னார், நானும் ஷிமானோ யுஎன்300 கேட்டேன். ஃபிரேமில் பி.பி. உட்காரும் குழாயின் அகலம் 68 மி.மீ.யா 73 மி.மீ.யா என்று அளந்தார், பழைய ஆக்சிலின் நீளத்தையும் அளந்தார். நீளம் குறைந்தால் முன்பல் ஃபிரேமில் உரசும், கூடினால் செயின் கோணலாக ஓடும். இதைக் கேட்காமல் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கையில் இருப்பதை மாட்டுகிற கடையை நம்பவே கூடாது. மரையைப் பிரஷ் போட்டுத் துடைத்து, நிறைய கிரீஸ் தடவி, முதல் சுற்றுகளைக் கையாலேயே ஏற்றினார். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இந்தக் கிரீஸ் இல்லையென்றால் அடுத்த தடவை கப்பைக் கழற்றுவது பெரும்பாடு.

இப்போது பெடல் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. கேப்பர் மலை ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்க முடிகிறது, கரகரப்பு போனதே பெரிய நிம்மதி. கூலி 300 ரூபாய் வாங்கினார். இரண்டு நாள் வேலைக்கு அது குறைவு என்றே எனக்குப் பட்டது, பழைய உதிரிகளையும் கேட்காமலே கவரில் போட்டுக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடையாது. ஷிமானோ கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை சொல்கிறது, இவர் நீளமான கைப்பிடியை வைத்துக் கை அனுபவத்தில்தான் முறுக்குகிறார். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வா என்று சொல்லி மறுபடி சோதித்துக் கொடுத்தார், தளரவில்லை. ஆனாலும் ஒரு ரெஞ்ச் வாங்கி வைத்தால் நன்றாக இருக்கும், சொல்லியும் இருக்கிறேன். கார்ட்ரிட்ஜ் எல்லா அளவிலும் கடையில் இருக்காது, பாண்டியிலிருந்து வரவழைக்க ஓரிரு நாள் ஆகும், அவசரம் என்றால் அளவைக் கேட்டுக்கொண்டு நீங்களே வாங்கிப் போய்விடுங்கள். மாலையில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் வரிசையாக நிற்கும், காலையில் போனால்தான் நின்று பேச முடியும். வெளிப்பக்கம் பேரிங் இருக்கும் ஹாலோடெக், அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் இரண்டுக்கும் அவரிடம் கருவி இல்லை, அவரே அதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்.