தடுப்புச் சுவரின் தலைக்கல்லும் முனைகளும்: அம்பாசமுத்திரம் பக்கத்துக் கொத்தனார் குழுவின் வேலை

அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் தோட்டத்துச் சரிவில் எழுப்பிய கருங்கல் தடுப்புச் சுவருக்கு மேல்விளிம்பையும் இரு முனைகளையும் முடித்துத் தந்த உள்ளூர்க் கொத்தனார் குழுவின் வேலை எனக்கு மிகுந்த நிறைவைத் தந்திருக்கிறது.

உச்சியை வெறும் பூச்சோடு விட்டுவிடாமல், தலைக்கல்லாக 2 அங்குலக் கனமுள்ள கல் பலகைகளை 1:4 சிமென்ட் கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல்), சற்றே வெளிப்புறம் சாய்வாகப் பதித்தார்கள். முகப்பைத் தாண்டி நீளும் பலகையின் அடிப்புறத்தில், விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய காடி, அதாவது நீளவாக்கில் ஓடும் பள்ளம், வெட்டியிருப்பதால், மேலே விழும் மழைநீர் அடிவழியே ஊர்ந்து சுவருக்குள் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் குடையோடு நின்று இதைப் பார்த்தேன். கல்லிடுக்கில் நீர் இறங்குவது சுவரின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், இந்தக் காடி ஒன்றுக்கே முழு மதிப்பெண் தருவேன்.

மேற்கு முனையை மேட்டுக்குள் திருப்பிப் புதைத்திருக்கிறார்கள்; ஓடிவரும் வெள்ளம் சுவரைச் சுற்றிப் போய்ப் பின்புற மண்ணை அரிக்க இனி எளிதில் வழியில்லை. கிழக்கு முனை படிப்படியாக இறங்குகிறது. அங்கே கீழ்ப்படியின் பலகை மேற்படிக்குள் செருகப்படாமல் வெறுமனே ஒட்டியிருந்தது. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சின்றிப் பெயர்த்துத் திருத்தினார்கள்.

சாக்கு போர்த்தி ஒரு வாரம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் அவர்களே ஏற்றார்கள். கூலி சற்றுக் கூடுதல்தான், தாராளமாகக் கொடுக்கலாம். முனைகளை எப்படி முடிப்பார்கள் என்பதை மட்டும் வேலை தொடங்கும் முன்பே வரைந்து காட்டச் சொல்லுங்கள்.