ஐந்து வசந்தமும் ஓர் ஈரக் காலும்

"அண்ணே, நீங்க போடுற அதே வேடர்ஸ் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?" என்று அலுவலகத்துத் தம்பி ஒருவன் போன செவ்வாய்க்கிழமை கேட்டான். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அந்த வேடர்ஸால், அதாவது மீன்பிடிக்க ஆற்றில் இறங்கும்போது போடும் நீர்புகாக் கால்சட்டையால், என் நாள் பாழாகியிருந்தது. கோபம் ஆறட்டும் என்று சில நாள் பொறுத்து எழுதுகிறேன். முழுக்க ஆறவில்லை.

மார்பு வரை ஏறும் வகை. வியர்வையை வெளியே விடும் துணி, பாதத்துக்கு நியோப்ரீன் சாக்ஸ், அதன் மேல் தனி பூட்ஸ். 400 டாலர் கொடுத்து வாங்கினேன், இது ஐந்தாவது வசந்தம். வருஷத்துக்குப் பதினைந்து தடவையாவது இதைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குகிறேன். பெரும்பாலும் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பக்கம், ராஸ்கோ ஊரை ஒட்டி ஓடும் பீவர்கில் ஆறுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை தெரியாது. காரை நிறுத்திவிட்டு ஒரு மைல் நடந்தாலும் உள்ளே புழுங்காது. வெயில் ஏறினால் தோள் வாரைத் தளர்த்தி இடுப்போடு சுருட்டிக்கொள்ளலாம். உள்பக்கப் பையில் ஃப்ளை, அதாவது பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள், வைக்கும் பெட்டி கச்சிதமாக உட்காரும். போன வருஷம் வில்லோவீமாக் ஓடை வந்து கலக்கும் ஜங்ஷன் பூல் பக்கத்தில் பாசிக் கல்லில் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். இடுப்பு பெல்ட் இறுக்கமாகப் பிடித்திருந்ததால் உள்ளே ஒரு குவளைத் தண்ணீர்கூடப் போகவில்லை. அந்த பெல்ட்டுக்கு நான் கடன்பட்டவன்.

அப்புறம் அந்த இடது முழங்கால். உள்பக்கத் தையல் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும். நடக்கும்போதெல்லாம் அந்த இடம் மடங்கி, வலது காலோடு உரசுகிறது. முதலில் ஒரு நாணயம் அளவுக்குச் சில்லென்று தெரியும். பிறகு முழந்தாளிலிருந்து கணுக்கால் வரை ஒரு கோடாக இறங்கும். நியோப்ரீன் சாக்ஸ் வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே வந்ததை வெளியேயும் விடாது. அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடும்.

கோடையில் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பீவர்கில்லில் ஏப்ரல் கடைசியில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போதுதான், ட்ரவுட் மீன்கள் விரும்பித் தின்னும் ஹெண்ட்ரிக்சன் பூச்சிகள் ஆற்றிலிருந்து வெளிவரத் தொடங்கும். 1916-ல் ராய் ஸ்டீன்ராட் என்பவர் இந்தப் பூச்சிக்கென்று ஒரு ஃப்ளை கட்டி, தன் நண்பர் ஹெண்ட்ரிக்சன் பெயரை வைத்தார். அந்தப் பெயரே பூச்சிக்கும் நிலைத்துவிட்டது. பூச்சிகள் வெளிவருவது மதியம் இரண்டு மணி வாக்கில் ஆரம்பித்து இரண்டு மணி நேரம் போல நீடிக்கும். அப்படி ஒரு இரண்டு வாரம், அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து ஃப்ளை கட்டுவது இந்த மதியங்களுக்காகத்தான்.

அந்தச் சனிக்கிழமை மேகமூட்டம். இறக்கை காயாத பூச்சிகள் உடனே பறக்க முடியாமல் சின்னப் பாய்மரம் விரித்ததுபோல நீர்மேல் மிதந்து வந்தன. எதிர்க்கரைப் பாறைக்குச் சற்று மேலே ஒரு பிரவுன் ட்ரவுட், அவசரமே இல்லாமல் மூக்கை நீட்டி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் வேகமான நீரோட்டம். என் லைனை அது இழுக்க, ஃப்ளை நீரைக் கீறிக்கொண்டு போனது. அப்படிப் போகிற ஃப்ளையை ட்ரவுட் தொடாது. நான் மேல்நோக்கி இரண்டு எட்டு வைத்தால் சரியாகிவிடும். ஆனால் இடது காலுக்கு அடியில் கல் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. மரத்துப்போன காலோடு அந்த ஓட்டத்தில் நகர்வது ஆபத்து. கரையேறிவிட்டேன். மணி மூன்றுகூட ஆகவில்லை. நான்கு மணி வரைக்கும் அந்த மீன் எழும்பிக்கொண்டே இருந்தது, நான் சாக்ஸைப் பிழிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் முதல் தடவை ஒழுகியபோது நிறுவனத்துக்கு எழுதினேன். "வியர்வையாக இருக்கும்" என்று பதில் வந்தது. வியர்வை என்றால் இரண்டு காலும் நனைய வேண்டாமா? வற்புறுத்திய பிறகு அனுப்பச் சொன்னார்கள். ஏப்ரலில் அனுப்பினேன், ஆறு வாரம் கழித்து வந்தது. அந்த வருஷ ஹெண்ட்ரிக்சன் அதோடு போயிற்று. புது டேப் ஒரு வருஷம் தாங்கியது. மூன்று தடவை ஒழுகியிருக்கிறது, மூன்று தடவையும் அதே தையல். முள்செடிக்குள் புகுந்து நடக்கிறவன்தான் நான். முள் குத்திக் கிழிந்திருந்தால் என் தப்பு என்று விட்டிருப்பேன்.

யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு யோசனை: பழுதுக்கு நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். வீட்டிலேயே பார்ப்பதென்றால், வேடர்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தையலோரம் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடம் மிளகு வைத்ததுபோலக் கருப்பாகத் தெரியும். காய்ந்ததும் அதன்மேல் யூரிதேன் பசையை விரலால் தேய்த்து ஓர் இரவு விட வேண்டும். நேற்று நான் செய்தபோது டேப்பின் விளிம்பில் வரிசையாக ஐந்து புள்ளி தெரிந்தது.

விளம்பரத்தில் ஃபெல்ட், அதாவது கம்பளம் போன்ற தடித்த துணி, அடி வைத்த பூட்ஸும் சேர்த்துத் தருகிறார்களாம். அதையும் தொடாதே தம்பி. ஃபெல்ட் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்து, டிடிமோ மாதிரிப் பாசியை ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்விடும். மேரிலாந்து 2011-லேயே ஃபெல்ட்டைத் தடை செய்தது. ஆணி பதித்த ரப்பர் அடி போதும்.

வேடர்ஸ் விஷயத்தில் என் பதில்: வாங்காதே. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். வசந்தத்துக்காக வாங்குகிற பொருள் வசந்தத்தில் கைவிடக் கூடாது.

என்னுடையது குளியலறைக் கம்பியில் உள்வெளியாகத் தொங்குகிறது. பசை இன்னும் விரலில் லேசாக ஒட்டுகிறது. காலையில் இடது காலில் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். குக்ஸ் ஃபால்ஸ் அளவுமானியில் ஆற்றின் ஓட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது, சனிக்கிழமை மறுபடியும் மேகமூட்டம் என்கிறார்கள். அந்தப் பாறைக்குத்தான் போகிறேன்.