நில வழக்கறிஞர் அரசுப் பக்கம் போவதென்றால்: ஜி.பி.யா, நகராட்சி வழக்கறிஞரா, நீதிபதியா?

மனைப்பிரிவு, கட்டட அனுமதி, புறம்போக்கு, நில எடுப்பு என்றே தொழில் செய்யும் தமிழ்நாட்டு வழக்கறிஞர் பொதுப்பணிக்கு வர நினைத்தால் எதிரே மூன்று வழிகள் இருக்கின்றன. மாவட்ட நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர், அதாவது ஜி.பி.; நகராட்சி, மாநகராட்சி அல்லது திட்டக் குழுமத்தின் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தும் ஸ்டாண்டிங் கவுன்சல்; தேர்வெழுதி உரிமையியல் நீதிபதி. நான் எடுத்தது இரண்டாவது. தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

நீதிபதி பதவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதை வழக்கறிஞர் மேசையிலிருந்து பார்த்ததுதான் எனக்குத் தெரிந்தது. நீதித்துறைக்கான இரண்டாவது தேசிய ஊதிய ஆணையப்படி தொடக்கச் சம்பளம் ரூ.77,840. பணிப் பாதுகாப்பு உண்டு, மரியாதை உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கு அது சாதகம். முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாளை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் நிலம்தான் உங்கள் துறை என்றால் ஒன்றை யோசியுங்கள்: குற்றவியல் நடுவராகவும் அமர வேண்டியிருக்கும், ஊர் மாறிக்கொண்டே இருக்கும், இரு தரப்பும் தாக்கல் செய்த ஆவணத்துக்குள்தான் தீர்ப்பு எழுத முடியும்.

ஜி.பி. பதவியில் வழக்குக்குப் பஞ்சமில்லை. நில எடுப்பு வழக்குகளில் அங்கே கிடைக்கும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி மூன்றாண்டுக் கிரயப் பத்திரங்களை அலசி சராசரி கண்டுபிடிப்பது, தாமதமான இழப்பீட்டுக்கு முதல் ஆண்டு 9%, பிறகு 15% என வட்டி ஓடுவதைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் கைக்குப் பழகிவிடும். ஆட்சி மாறினால் பதவியும் பெரும்பாலும் மாறும். அது எல்லோரும் அறிந்ததே.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கோப்பு எப்போது கைக்கு வருகிறது என்பது.

ஜி.பி.க்கு வழக்கு தாக்கலான பிறகுதான் வரும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தருகிறது. அந்த இரண்டு மாதத்தில்தான் பதில் தயாராக வேண்டும். நடப்பில் அந்த அறிவிப்பு பதில் இல்லாமலே அலுவலகத்தில் கிடக்கும். வழக்கு வந்ததும் ஜி.பி. வட்டாட்சியரிடம் பத்தி வாரியான குறிப்புரை கேட்பார். ‘இது அரசுப் புறம்போக்கு’ என்று ஒற்றை வரியில் வரும். நிலத்தின் வகையையும் உரிமையையும் காட்டும் ‘அ’ பதிவேட்டு நகல் இல்லை, அளவுகளைக் காட்டும் புலப்படம் இல்லை. எதிருரை தாக்கல் செய்வதற்கான 30 நாள், நீட்டித்தால் 90 நாள் எல்லாம் கடந்து ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். பிறகு மேல்முறையீட்டுத் தாமதம். போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் எதிர் லிவிங் மீடியா வழக்கில் 427 நாள் தாமதத்தை மன்னிக்க 2012-இல் உச்ச நீதிமன்றம் மறுத்ததிலிருந்து, கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற காரணம் எளிதில் எடுபடுவதில்லை. நல்ல வழக்கறிஞரும் அங்கே வெறுங்கையோடு நிற்கிறார்.

உள்ளாட்சி வழக்கறிஞருக்கு நோட்டீஸ் போவதற்கு முன்பே வரைவைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவில், அனுமதியில்லாத கட்டுமானத்தை அகற்றச் சொல்லும் நோட்டீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை நீதிமன்றத்தில் விழுவது பெரும்பாலும் ஒரே மாதிரியான காரணங்களால்தான்: இறந்துபோன உரிமையாளரின் பெயர், உட்பிரிவு ஆன பிறகும் பழைய சர்வே எண், ‘அனுமதிக்கு மாறாகக் கட்டப்பட்டுள்ளது’ என்று அளவே இல்லாத குற்றச்சாட்டு. அனுமதித்த வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளி எவ்வளவு, இப்போது டேப் வைத்து அளந்தால் எவ்வளவு என்று இரண்டு எண்ணும் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். தேதியுள்ள புகைப்படம் வேண்டும். வாங்க மறுத்தால் கட்டடத்தில் ஒட்டி, சாட்சி கையெழுத்தோடு மகஜர், அதாவது நடந்ததைப் பதிவு செய்யும் குறிப்பு, எழுத வேண்டும். நோட்டீஸ் போகும் அன்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவில் கேவியட் மனு போட்டுவிட்டால், நம்மைக் கேட்காமல் இடைக்காலத் தடை வராது. கேவியட்டுக்கு 90 நாள்தான் ஆயுள். நாட்குறிப்பில் 80-ஆவது நாளில் குறித்து வைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

பூங்கா இடம் இன்னும் முக்கியம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10% இடத்தைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். பத்திரம் பதிவாகிவிடுகிறது, சரி. அதற்குப் பிறகுதான் சிக்கல். சொத்து விவரத்தில் தாய் சர்வே எண் மட்டும் எழுதி, நான்கெல்லையும் அளவும் விட்டிருப்பார்கள். பட்டா மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே நிற்கும். பல வருடம் கழித்து வாரிசுகள் புது உட்பிரிவு எண்ணில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப்பத்திரம் தெரியாது. அந்த இடம் மனையாக விலைபோகும். வாங்கியவர் வேலி போட்டுவிட்டால் இன்ஜங்ஷன் வழக்கில் அனுபவம் அவர் பக்கம். குழந்தைகள் விளையாட வேண்டிய இடம் இப்படிக் கைவிட்டுப் போவது என்னால் ஏற்க முடியாதது, ஏனென்றால் அதைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு பக்க வேலைதான்: பத்திர வரைவில் நான்கெல்லை, அளவு, மனைப்பிரிவு அனுமதி எண், இணைப்பு வரைபடம், பதிவான கையோடு நகராட்சி பெயரில் உட்பிரிவுப் பட்டா மனு, கம்பி வேலி, பெயர்ப்பலகை. இந்த வரைவு ஜி.பி. மேசைக்கு வரவே வராது.

குறைகளும் உண்டு. கட்டணம் வழக்குக்கு இவ்வளவு என்ற கணக்கு, அதுவும் தாமதமாகத்தான் வரும். நியமன ஆணையில் கருத்துரைக்கும் கேவியட்டுக்கும் தனிக் கட்டணம் இருக்கிறதா, சான்று நகல் செலவு யார் தலையில் என்று முதலிலேயே பாருங்கள். அதே ஊர் புரமோட்டர் கட்சிக்காரர்களை விட்டுவிட வேண்டும். பார் கவுன்சில் விதி 33-இன்படி ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. ஆகவே சேரும் முன் அந்த எல்லைக்குள் உள்ள வழக்குக் கட்டுகளைப் பட்டியலிட்டு, மோதுபவற்றில் வக்காலத்தை விலக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பணியிலும் வழக்கறிஞராகத்தான் தொடர்கிறீர்கள். மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கான ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவக் கணக்கும் அறுபடாது. மாறாக, முழுநேரச் சம்பளத்துக்கு சார்பதிவாளராகப் போனால் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

எல்லா உள்ளாட்சியும் ஒன்றல்ல. பெரிய குழுமங்களில் தனிச் சட்டப் பிரிவு இருக்கும். வரைவு வெளி வழக்கறிஞரிடம் வருமா என்பது அந்தப் பிரிவின் வழக்கத்தைப் பொறுத்தது. எனவே வழக்கறிஞர் பேனலில் சேருமுன் நகரமைப்பு அலுவலரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 56 நோட்டீஸும் தானப்பத்திர வரைவும் எங்கள் பார்வைக்கு வருமா? சம்மன் வந்த பிறகுதான் கோப்பு என்று பதில் வந்தால், அந்த ஊரில் ஜி.பி. பதவிக்கே முயலுங்கள், வழக்கு எண்ணிக்கையாவது அங்கே அதிகம்.